பத்துக் கட்டளையில் ஆறு

பஹ்மனுக்கு நான் மறைக்கல்வி படிப்பித்தது ஒரு தண்டனை. அவருக்கல்ல, எனக்கு. பிறகு நடந்ததைப் பார்த்தால் அவருக்கும்தான்.

2006 டிசம்பரில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் கிறிஸ்மஸ் ஒளிவிழா. மேடையேறி, யோகராஜா பாதரின் குரலில் ஒரு பிரசங்கம் வைத்தேன். பாதர் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சுவார். ஆதாமில் தொடங்கி, கார்களை ஒழுங்காக நிறுத்துவதில் முடிப்பார். அதையே செய்தேன். சனம் கண்ணீர் வரச் சிரித்தது. முன் வரிசையிலிருந்த பாதரும் சிரித்தார். விழா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பவித்திரன், உமக்கு நல்ல நாக்கு."

"தாங்ஸ் பாதர்."

"அதைக் கடவுளுக்கும் கொஞ்சம் குடும். கடைசி வரிசையில ஒரு ஈரான்காரர் வந்து இருக்கிறவரெல்லே, அவருக்கு ஞானஸ்நானத்துக்கு முதல் படிப்பிக்க ஒராள் வேணும். சனிக்கிழமை பத்து மணி."

"பாதர், எனக்கே ஒண்டும் தெரியாது."

"தெரியும்" என்று மூக்கை உறிஞ்சினார். "அதுக்காகத்தான் உம்மைக் கேக்கிறன்."

பஹ்மனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இஸ்பகானில் லிஃப்ட் திருத்துகிற வேலை பார்த்தவர். நாட்டில் புரட்சி வந்தபோது ஒன்பது வயது. வர்தான் என்ற ஆர்மேனியர்தான் அவருக்குத் தொழில் பழக்கியவர். ஒருமுறை இருவரும் ஒரு லிஃப்டுக்குள் நான்கு மணித்தியாலம் மாட்டிக்கொண்டார்கள். பஹ்மன் கெட்ட வார்த்தையாகப் பேசிக்கொண்டே இருந்தாராம். வர்தான் மெல்லிய குரலில் செபம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். வெளியே வந்த பிறகு, "அது என்ன சொன்னனீ" என்று கேட்டதுதான் தொடக்கம். வர்தானுடைய கோயிலுக்கு இவரைக் கூட்டிப்போக முடியாது. பாரசீகம் பேசுகிற ஒருவர் உள்ளே வந்தால் அந்தக் கோயிலுக்கே ஆபத்து. அதனால் ஒரு வீட்டில் ஏழு பேர் கூடிச் செபித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆறு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழாமவர் அன்றைக்குப் பிந்திவிட்டார். எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோயிருந்தது.

"கடவுள் நிப்பாட்டினவர்" என்பார் பஹ்மன். பிறகு, தொழிலை விட்டுக்கொடுக்காமல், "பிரேக்கும் பழுது" என்பார்.

லண்டனுக்கு வந்து, வெம்பிளியில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். வேலை செய்ய அனுமதியில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் மண்டபத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதையும், உள்ளே சனம் கம்பளத்தில் இருப்பதையும் கண்டு நுழைந்திருக்கிறார். கதிரைக்குத் தட்டுப்பாடு என்பதால்தான் நாங்கள் கீழே இருந்தோம். அவருக்கு அது தெரியாது. தனக்கு இருக்கத் தெரிந்த இடம் என்று இருந்துவிட்டார். ஒரு சொல்லும் விளங்காத பூசைக்குப் பிறகு என் அம்மா அவர் கையில் சாப்பிட ஒரு ரோல்ஸைக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

என் படிப்பித்தலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதர் தந்த புத்தகம் அறுநூறு பக்கம். நான் நான்கு பக்கம் வாசித்தேன். மிச்சத்தை எங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். தவக்காலத்தில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, சாப்பிடக்கூடாது. பெரிய வெள்ளியில் வெள்ளை உடுத்து, தரையில் இருந்து, புலம்பல் கேட்டு அழுது, கஞ்சி குடிக்க வேண்டும். தைப்பொங்கலுக்குக் கோயில் வாசலில் பானை வைக்க, பாதர் ஆசீர்வதிப்பார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. தொலைந்த சாமானை அவர் எடுத்துத் தராவிட்டால் அவருடைய சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி விதி அம்மாவுடையது. ரோமாபுரிக்கு இன்னும் தெரியாது.

பஹ்மன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் வலமிருந்து இடமாக எழுதிக்கொள்வார். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி அவர் எங்களிடம் பொறுக்கிக்கொண்ட தமிழ்.

"தம்பி, சுவர்ப் பக்கம் எத்தனை நாள்?"

"கிடைக்கிற வரைக்கும்."

எழுதிக்கொண்டார்.

2007 உயிர்ப்புப் பெருநாளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பரலோக மந்திரம் என்கிற செபத்தை யாழ்ப்பாணத் தமிழில், பார்க்காமல், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். என் மாணவர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த வருடக் கடைசியில் அவருக்கு அகதி மனு நேர்காணல். மதம் மாறியவர் என்று நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளியை எப்படி அனுசரிப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் படிப்பித்தபடியே சொல்லியிருக்கிறார். ஜனவரியில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். பானை, பால், அரிசி. புனிதர்? அந்தோனியார், சுவர். செபம் சொல்லச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்லியிருக்கிறார். பாரசீக மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டாராம்.

2008 ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. பஹ்மனின் வழக்கறிஞர் கத்தரின் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"'கோயில் வாசலில் பால் பொங்க வைப்பதும், புனிதரின் சிலையைத் தண்டிப்பதும், செருப்பைக் கழற்றித் தரையில் அமர்வதும் கிறிஸ்தவ வழக்கங்கள் அல்ல. மனுதாரர் கிறிஸ்தவம் பற்றிய தகவல்களைப் புனைந்திருக்கிறார்.' இவருக்கு இதையெல்லாம் படிப்பித்தது யார்?"

நான் கையை உயர்த்தினேன், வகுப்பில் மாதிரி.

"அப்ப நீங்கதான் சாட்சி" என்றார் கத்தரின். "பாதரும் வரவேணும்."

மேல்முறையீடு ஜூனில். அதே கிழமை பாதருக்குக் கண் ஆபரேஷன். அவர் ஒரு கடிதம் தந்தார். ஆக, ஒரு மனிதரைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்ற கேள்விக்கு, ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஊருக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு, நேரில் பதில் சொல்ல மிஞ்சியது நான்.

சனிக்கிழமைகளில் பஹ்மனும் நானும் மண்டபத்துக் கார் பார்க்கில் ஒத்திகை பார்த்தோம். அரசாங்கத் தரப்பு வக்கீலாக நான் மூக்கால் கதைத்தேன். அவர் களைத்துப்போகும்போது சிரிக்கவைக்க, பாதராக மாறி, தேவதூதர்கள் காரை எப்படி நிறுத்துவார்கள் என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். பஹ்மன் வாசல் கேற்றைப் பார்த்தார்.

"தம்பி, மெல்ல. ஆரும் கேக்கும்."

"கேட்டா சிரிப்பினம், அண்ணை."

"பொலிஸ்?"

ரயிலில் கிடந்த இலவசப் பேப்பரில் வாசித்த அறிவை நான் அப்படியே இறக்கினேன். கடவுளை நிந்தித்தால் குற்றம் என்ற சட்டம் இந்த நாட்டிலும் இருக்கிறது, பரம்பரை பரம்பரையாக, இப்போதுதான் பாராளுமன்றத்தில் அதை நீக்கப் போகிறார்கள் என்றேன்.

"இருக்கா? இங்கயா?" கேற்றை இன்னொருமுறை பார்த்தார். "நான் ஓடி வந்தது அதுக்குப் பயந்து. எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அது இங்கிலாந்துத் திருச்சபைக்குத்தான் காவல். எங்கட பாதரை எவ்வளவும் பகிடி பண்ணலாம். ஒருத்தரையும் பிடிக்கிறதும் இல்லை."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, முழுக்க ஆங்கிலத்துக்கு மாறினார்.

"எங்கட ஊரிலயும் முதல்ல அப்பிடித்தான் சொன்னவை. புரட்சி முடிஞ்சு சட்டம் எழுதேக்க ஆர்மேனியருக்கு ஒரு வரி இருந்தது, யூதருக்கு ஒரு வரி இருந்தது. உங்கட மொழியில, உங்கட சுவருக்குள்ள கும்பிடுங்கோ எண்டு. எங்கட தெரு முழுக்க, பாத்தியா, எல்லாருக்கும் இடமிருக்கு எண்டுது. ஒரு வரியிலயிருந்து மற்ற வரிக்குப் போறவனுக்குத்தான் இடமில்லை. அது ஒருத்தருக்கும் கண்ணில படேல்லை, ஒருத்தரும் போகாத வரைக்கும்."

"தேத்தண்ணி குடிப்பமா அண்ணை" என்று என் சொந்தக் குரலில் கேட்டேன். அது அவ்வளவு நல்ல குரல் இல்லை.

வழக்கு நாளன்று பிபிசி செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுவது என்று தீர்மானித்திருந்தேன். சாட்சி சொல்லும் நேரம்வரை என்னை வெளியே இருத்தினார்கள். உள்ளே போய் பைபிளைப் பிடித்து வாயைத் திறந்தால், பிபிசியைக் காணவில்லை. யோகராஜா பாதர்தான் என் வாயில் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சியும் விட்டேன். பார்க்க வந்து பின்னால் இருந்த என் அம்மா திருப்தியாகத் தலையாட்டினார்.

செருப்பு, கஞ்சி, பொங்கல் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தோனியார் சமாசாரம் எங்கள் வீட்டு வழக்கம், பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். வெள்ளைத் தலைமுடி கொண்ட நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது அரசாங்கத் தரப்பு வக்கீல் எழும்பினார். மெலிந்த மனுஷன், மூக்கால் கதைக்கவேயில்லை, என்னைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டார்.

"மிஸ்டர் கஸ்பர், மனுதாரருக்கு நீங்கதான் ஆசிரியர்?"

"ஓம்."

"அப்ப பத்துக் கட்டளையையும் சொல்லுங்கோ பாப்பம்."

கொலை செய்யாதே. களவெடுக்காதே. தாய் தகப்பனை மதி. இதுவரை நல்ல வேகம். பொய்ச்சாட்சி சொல்லாதே, இதை இடத்துக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். ஓய்வுநாள். விபசாரம், அம்மா பின்னால் இருந்ததால் குரல் கம்மியது. ஆறு. பிறகு வெறும் வெளி.

"அயலானை நேசி" என்றேன்.

"அது இந்தப் பட்டியலில் இல்லை."

"மச்சம்…" என்று தொடங்கி நிறுத்தினேன்.

"முதலாவது கட்டளை?"

"அது முதலாவதாத்தான் வரும்."

யாரோ இருமினார்கள். கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது இரண்டாவது என்று வக்கீல் எனக்கு அறிவித்தார். பாதரின் குரலில் மேடையேறி வாழ்ந்தவனுக்கு அது ஒன்றுதான் மறந்திருக்கக்கூடாது. பஹ்மனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்துக்கு ஒரு நிறம் உண்டென்றால் அன்றைக்கு என் காது அந்த நிறம்.

நீதிபதி பேனாவை வைத்தார். "மிஸ்டர் கஸ்பர், நீங்கள் கிறிஸ்தவரா?"

"ஓம் சேர்."

"எப்பிடித் தெரியும்?"

அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "தெரியேல்லை சேர். ஆனா பஸ் வராட்டி ஆரைக் கூப்பிடுறது எண்டு எனக்குத் தெரியும்."

அவர் அதையும் எழுதினார். நான் ஒரு மனிதரை ஈரானுக்கு அனுப்பிவிட்டேன் என்ற எண்ணத்தோடு படியிறங்கினேன். வெளியே கத்தரின் இன்னொன்று சொன்னார். காலையில் பஹ்மனிடமும் அதே கேள்வி. அவர் பத்தையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வக்கீல், "இவ்வளவு சரியாகச் சொல்வது மனப்பாடம், யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள்" என்றாராம்.

"நான் பழக்கேல்லை" என்றேன்.

"அது இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றார் கத்தரின்.

பத்து நாள் பஹ்மன் என்னோடு கதைக்கவில்லை. நானும் தொலைபேசவில்லை. பதினோராம் நாள் கத்தரின் எடுத்தார். மனு ஏற்கப்பட்டது. தீர்ப்பின் முப்பத்தோராம் பந்தியை வாசிக்கும்போது அவரால் நேரே வாசிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. பந்தி இதுதான்:

"திரு. கஸ்பர் பிறப்பால் கத்தோலிக்கர், அதை எவரும் மறுக்கவில்லை. அவருக்குப் பத்தில் ஆறு கட்டளைதான் தெரிந்திருந்தது. குறைந்த அறிவு அவருடைய விசுவாசத்தைப் பொய்யாக்காது என்றால், மனுதாரரின் விசித்திரமான அறிவும் அவருடைய விசுவாசத்தைப் பொய்யாக்காது. அந்த அறிவின் ஊற்று திரு. கஸ்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரியாகத் தெரிந்தவற்றை மனுதாரர் தானாகவே கற்றிருக்கிறார்."

கறுப்புக் கண்ணாடியோடு வந்த பாதர், அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அதைத் தமிழில் என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒளிவிழாவில் கூட அவ்வளவு சிரிப்பு எழவில்லை.

மண்டபத்துக்கு வெளியே பஹ்மன் தொலைபேசியில் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மாட்டச் சொன்னன், பேப்பர் கிடைச்சிட்டுது எண்டு. ஏன் தந்தவை எண்டு கேட்டா."

"ஞானஸ்நானம் எடுத்ததைச் சொன்னனீங்களா?"

"ஏலாது தம்பி. போனை ஆர் கேக்கினம் எண்டு தெரியாது. லிஃப்ட் திருத்த இங்க ஆள் இல்லை, அதால தந்தவை எண்டு சொன்னன்." தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "ஆர் உதவினது எண்டு கேட்டா. ஒரு பெடியன் எண்டன். கடவுளுக்குப் பயந்தவனா எண்டு கேட்டா."

"என்ன சொன்னீங்கள்?"

"கொஞ்சம் எண்டு கோர்ட்டே எழுதித் தந்திருக்கு எண்டு சொன்னன்."