சூரிய அடுப்பில் தலைப்பொங்கல்

மகன் வீட்டு மொட்டை மாடியில் போன வாரம் சோலார் தகடு பதித்தார்கள். பொருத்த வந்தவர், இதற்கு முன் வெயிலை நம்பி ஏதாவது செய்திருக்கிறீர்களா சார் என்று விளையாட்டாகக் கேட்டார். தலைப்பொங்கலே வைத்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணி யூனியன் ஆபீசில் நான் புது கிளார்க். சரசு புது மனைவி. வளைகுடாவில் யாரோ யாரோடோ அடித்துக்கொண்டால் எங்கள் தெரு ஸ்டவ்கள் அணைந்துவிடும். ரேஷன் கடையில் சரசு டின்னோடு அரை நாள் நிற்பாள். திரும்பி வரும்போது புடவைத் தலைப்பெல்லாம் கிருஷ்ணாயில் வாடை. இன்றைக்கும் அந்த வாடை எங்காவது அடித்தால், வெட்கமில்லாமல் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன்.

அவளை அந்த வரிசையிலிருந்து மீட்கத்தான் ஆபீசுக்கு மானிய விலையில் வந்த சூரிய அடுப்பை வாங்கினேன். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே மூடி போட்ட கறுப்பு டப்பாக்கள், அவற்றின் மேல் கண்ணாடித் தட்டு, வெயிலைத் திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. மாடியில் வைத்த முதல் நாளே, தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த நெசவாளர்கள் கண் கூசுகிறதென்று சண்டைக்கு வந்தார்கள். ஆனால் பருப்பு வெந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சூரியனுக்குப் படைக்கிற பொங்கலைச் சூரியனே சமைக்கட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

பொங்கலன்று சேத்துப்பட்டிலிருந்து மாமனார் வீட்டார் சீரோடு வந்து மாடியில் நின்றார்கள். டப்பாவில் அரிசியும் பாலும் வைத்து இரண்டு மணி நேரம் ஆயிற்று. அரிசி சத்தமில்லாமல் குழைந்துகொண்டிருந்தது. பொங்கவில்லை. அடுப்போடு வந்த அத்தனை நோட்டீசும் படித்த எனக்கு, மூடிய பெட்டிக்குள் எதுவும் பொங்கி வழியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நல்ல நேரம் முடியப்போகிறது. அம்மா என்னை ஓரமாக இழுத்தாள்.

"தலைப்பொங்கல் பொங்கலன்னா உன்ன யாரும் பேச மாட்டாங்கடா. வந்த பொண்ணத்தான் பேசுவாங்க."

அந்த வாரம் கிருஷ்ணாயில் வண்டியே வரவில்லை; வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். சரசு கீழே போய், ஸ்டவ்வையும் புதுப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டவ் நிறைய எண்ணெய். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அவள் அப்பாதான் எல்லோரையும்விட உரக்கப் பொங்கலோ பொங்கல் என்றார். பெட்டியில் வெந்ததையும் அதிலேயே கொட்டி, வெல்லம் போட்டுக் கிளறினாள்.

எல்லோரும் போன பிறகு, எண்ணெய் ஏது என்று கேட்டேன். வாரா வாரம் கொஞ்சம் எடுத்து வைத்தாளாம்.

"மூடி போட்டு வேகறது எங்கனா பொங்குமாங்க? பொட்டிய பாத்த அன்னிக்கே தெரியும்."

பின் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவ்ளோ ஆசையா தூக்கிகினு வந்தீங்களே."

அந்தப் பெட்டியில் பல வருஷம் அவள் பருப்பு வேகவைத்தாள். கண்ணாடி உடைந்து அது காயலான் கடைக்குப் போனது. ஸ்டவ் போனது, கிருஷ்ணாயில் வரிசை போனது. அதற்கெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. சரசு போய் நான்கு வருஷமாகிறது. நான் தப்புச் செய்யப்போவது தெரிந்தும் தடுக்காமல், எனக்காகக் கொஞ்சம் எடுத்து வைக்க இப்போது யாரும் இல்லை. அதனால் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.