சாட்சிக்குப் பிறகு நின்ற ஊசி

என் மனைவி ஸ்டெல்லாவின் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாசம் வந்தது. காலையிலிருந்து வாந்தி வேறு. வயிற்றுக் கோளாறு என்று நானே முடிவு செய்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். நாலு புத்தகம் படித்தவன் வீட்டில் இருந்தால் இதுதான் தொல்லை. டாக்டரிடம் போக அவனைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மதியம் அவள் என்னை யாரோ போலப் பார்த்தாள். அவள் தங்கை கிரேஸும் நானும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம்.

“கீட்டோஅசிடோசிஸ்ங்க,” என்றார் டாக்டரம்மா. (இன்சுலின் போதாமல், உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகிவிடும் நிலை.) “இன்சுலின் ஊசிய எப்ப நிறுத்துனாங்க?”

“நிறுத்தலீங்க. தினமும் போடறா,” என்றேன், விவரம் தெரிந்த கணவனின் உறுதியோடு.

கிரேஸ் சுவரைப் பார்த்தாள். “மச்சான், அக்கா சாட்சி சொல்லிப்போட்டாளுங்க.”

சாட்சி என்பது, சுகமளிக்கும் கூட்டத்தில் மேடையேறி, நோய் போய்விட்டது என்று மைக்கில் சொல்வது. மதுக்கரையில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போனவன் நான்தான். உள்ளே போகவில்லை. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை. வெளியே காரில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். மைக் சத்தம் தொந்தரவாக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அந்தச் சத்தத்தில் ஒன்று என் மனைவியுடையது.

“அத்தன சனத்துக்கு முன்னால சுகமாச்சுன்னு சொன்னவ மறுபடி ஊசி போட்டா, சாட்சி பொய்யாயிருமில்லீங்களா? அப்புறம் சக்கரை இன்னும் பலமா திரும்பி வந்துருமுன்னு பயந்துபோட்டா.”

“உனக்குத் தெரியுமா?”

“சபைக்கே தெரியுமுங்க. உங்களுக்குச் சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னுதான்…”

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து நான் சட்னியில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ட்ரிப்ஸ்ல இன்சுலின் போயிட்டிருக்குதுங்க. இப்பவே எதுவும் சொல்ல முடியாது,” என்று டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கிரேஸ் வாக்குத்தத்தப் பெட்டியை நீட்டினாள். அதிலிருந்து ஒரு வசன அட்டையை எடுத்தால் அது நமக்கான செய்தி. நல்ல வசனங்களை மட்டுமே பொறுக்கி அச்சடித்த பெட்டி அது. எனக்கு வந்தது இளைப்பாறுதலைப் பற்றியது. எங்கள் கல்லறைகளிலும் அதையேதான் எழுதுவோம். சட்டென்று திருப்பிச் செருகிவிட்டு வேறொன்று எடுத்தேன். பிறகு இன்னொன்று.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா தெளிவாகப் பேசினாள். கிரேஸ் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“எத்தன அட்டைங்க எடுத்தீங்க?”

“நல்லது வர்ற வரைக்கும்.”

“இந்த லட்சணத்துல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க,” என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

டாக்டரம்மா அவளிடம் சொன்னது இதே நிலையில் இருக்கும் உங்களுக்கும் பொருந்தும்: “ஜெபம் பண்ணுங்க அம்மணி, ஆரு வேண்டாங்கறது? ஊசியப் போட்டுட்டுப் பண்ணுங்க.” வீட்டில் கிண்டல் செய்யும் ஆள் இருந்தால் அவருக்கும் ஒன்று: காரை விட்டு இறங்கி உள்ளே போய் உட்காருங்கள்.

உடம்பு தேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சபையில் மைக்கைக் கேட்டு வாங்கினாள். “எனக்குச் சக்கரை இருக்குதுங்க. ஊசி போடறனுங்க. கர்த்தர் என்னக் கைவிடலீங்க.” அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் பொழுது என்பது ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்றுதான் நகர்கிறது. காலையில் அவள் கண்விழித்ததும் குனிந்து அவள் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன்.

“ஏனுங்க, ஊசியெல்லாம் போட்டுத்தானுங்க படுத்தேன்,” என்கிறாள்.

தெரியும். போடும்போது பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் முகராமல் விட்டால் அன்றைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.