ஆர்க் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

1

நான் கட்டிய புரொஜெக்டரில் முதல் நாளே இரண்டு ஸ்லைடுகள் வெடித்தன.

அப்போது நான் வங்காளத்தில், அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸ் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஆற்றங்கரை வேலைகளின் படங்களைப் பெரிய அதிகாரிகளுக்குத் திரையில் காட்ட வேண்டும் என்று எங்கள் துரைக்கு ஆசை. சீமையிலிருந்து புரொஜெக்டர் வர மாதக்கணக்கில் ஆகும். இங்கேயே செய்ய முடியுமா என்று கேட்டார். எனக்கு இருபத்தெட்டு வயது. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

வெளிச்சத்துக்கு ஆர்க் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே கரண்ட் பாய்ந்து எரியும். குச்சி எரிந்து குறையக் குறைய ஒருவர் பக்கத்திலேயே நின்று திருகைத் திருப்பி, இடைவெளி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தோடு வந்த சூடுதான் ஸ்லைடுக் கண்ணாடியை வெடிக்க வைத்தது.

தகர வேலைக்கு பெஹாலாவிலிருந்து ஹரிபதோ வந்தார். தினக்கூலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே அண்ணன் முறையில் பெயரோடு 'தா' சேர்ப்பார்கள்; நான் அவரை ஹரிதா என்பேன், அவர் என்னை பாபு என்பார். என் அரைகுறை வங்காளத்திலேயே எங்கள் பேச்சு நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

2

விளக்குக் கூண்டை இரட்டைச் சுவராக அடித்தோம். அடியில் துளைகள், மேலே புகைபோக்கி. அப்படியும் ஸ்லைடு சூடானது. விளக்குக்கும் ஸ்லைடுக்கும் நடுவே, சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தேன். இரண்டு கண்ணாடிப் பலகை, சுற்றிலும் பித்தளைச் சட்டம், உள்ளே படிகாரம் கரைத்த தண்ணீர். கால் மணி நேரத்தில் அது கொதித்தது.

வழி சொன்னவர் ஹரிதாதான். கூண்டுக்கு மேலே ஒரு தகர டாங்க் வைத்து இரண்டு குழாய்களால் தொட்டியோடு இணைத்தால், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும் என்றார். அவர் ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்த குழாயில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதன் பிறகு ஒரு ஸ்லைடும் உடையவில்லை.

3

கார்பன் நுனியைப் பார்க்கக் கூண்டின் கதவில் ஒரு துவாரம் விட்டு, அதில் கறுப்புக் கண்ணாடி பதித்திருந்தோம். காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தக் கண்ணாடி சூட்டில் உடைந்து விழுந்தது. தர்மதலாக் கடைகளில் தேடினேன். வேறு சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

துரையிடம் போய் ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

"கண்ண இடுக்கிப் பாருங்க ஹரிதா, நாலு நாள்தானே" என்றேன்.

அவர் பார்த்தார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று ஃபோகஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையிடையே தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை கண் சிவந்து, மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்றார். பன்னீர் விட்டுக்கொள்ளச் சொன்னேன். மூன்றாம் நாள் வலி குறைந்துவிட்டது என்றார். எனக்கும் நிம்மதி.

காட்சி நன்றாக நடந்தது. அதிகாரிகள் கை தட்டினார்கள். துரை எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஹரிதா ஒரு எண்ணெய் கேனுக்குச் சாலிடர் வைத்தார். ஈயம் இணைப்பை விட்டு விலகி ஓடியது. மறுபடி வைத்தார், மறுபடியும் ஓடியது. சாலிடர் இரும்பைக் கீழே வைத்துவிட்டு, "பாபு, எங்க பாத்தாலும் அந்த எடத்துல ஒரு பொட்டு நிக்குது" என்றார். அதோடு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

துரையிடம் நடந்ததைச் சொன்னேன். தினக்கூலி ஆளின் கண் நோவு ஆபீஸ் விஷயமாகாது என்றார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேலை வாங்கியது நான்தான் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

4

வீட்டில் தினமும், "அவரைப் போய்ப் பாத்தேளா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் பெஹாலாவுக்குப் போனேன்.

ஹரிதா வாசலில் உட்கார்ந்து நார் பிரித்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்தார்.

"நேரா நிக்காதீங்க பாபு. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அப்பத்தான் முகம் தெரியும்."

நகர்ந்து நின்றேன். அவர் வேறெங்கோ பார்த்தபடி என்னைப் பார்த்தார். டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன். இது இனி ஆறாது என்று சொல்லிவிட்டாராம். என் தப்பு என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதைச் சொல்லி முடிக்க அவர் விடவில்லை. மனைவியைக் கூப்பிட்டு எனக்குச் சாய் போடச் சொன்னார்.

பிறகு கேட்டார். "நான் கூண்டுப் பக்கமே நின்னுட்டேன். திரையில படம் நல்லா விழுந்துதா?"

"நல்லா விழுந்தது ஹரிதா."

"சரி" என்றார்.

அடுத்த வருஷம் என்னை ஹெட் மெக்கானிக் ஆக்கினார்கள். அந்த இயந்திரத்தைப் பல இடங்களில் பாராட்டினார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உடைந்தால் வேறு செய்துகொள்ளக்கூடிய ஒரு ஸ்லைடுக் கண்ணாடிக்காக நான் இரட்டைச் சுவர் அடித்தேன், தொட்டி கட்டினேன், தண்ணீரை ஓட வைத்தேன். பக்கத்தில் நின்ற மனிதருக்காக ஒரு வாரம் பொறுக்கவில்லை.