கஞ்சிக்கு உப்பு பார்த்த நர்ஸ்

இன்று மறுபடியும் நர்ஸ் உடை போட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்காக விட்ட வேலை. யுத்தம் வந்த பிறகு கல்யாணமானவர்களையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அல்சூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஜட்கா வண்டியில் மருந்துப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

முதல் வேலை, கால் வீங்கிப் படுத்திருந்த ஒரு தையற்காரருக்குக் கஞ்சி கொடுப்பது. கிண்ணத்தை வாங்கியவள், வீட்டு ஞாபகத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டேன்.

"ஐயோ, உப்பே போடலையே!"

"டாக்டரு உப்பு கூடாதுன்னுட்டாரும்மா" என்றார் அவர் பாவமாக.

எனக்குப் பின்னால் மேட்ரன் நின்றிருந்தார்.

"குடும்பம் நடத்துறவங்க சரிப்பட மாட்டாங்கன்னு அப்பவே சொன்னேன். வீட்டுக்குப் போறீங்களா?"

"போகமாட்டேன், மேடம். கை கழுவிட்டு வர்றேன்."

கழுவினேன். வேறு கஞ்சி வாங்கி ஊட்டினேன். பிறகு அவருக்கு ஊசியும் நானே போட்டேன். பக்கத்திலேயே நின்று பார்த்த மேட்ரன், "நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஊசி மறக்கவில்லை. சமையலைத்தான் மறக்க வேண்டியிருக்கிறது.

இதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.