பெயர் இருந்தால் பேச வேண்டாம்

பிள்ளைகளே, ஓட்டோ ஓட்டும் தொழிலில் நான் மிகவும் பயந்தது எப்போது என்று கேட்டீர்கள். வெள்ளத்திலும் இல்லை, யானை மறித்த றோட்டிலும் இல்லை. ஒரு பகல் ஹயரில், வாடகை ஓட்டத்தில்தான்.

நாவற்குடாவில் ஒரு அக்கா ஏறினார். யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கே வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஓர் ஊரில், கொல்லப்பட்டவர்களுக்கு வைத்த கல்லில் அவருடைய பெயர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவரின் பெயரை வாயால் சொல்லாமல் போனில் எழுதிக் காட்டினார். தங்கராசா. அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது.

"நான் எறங்க மாட்டன் தம்பி. நீங்க போய்ப் பாருங்க. பேர் இரிந்தா ஒண்டும் சொல்லாதீங்க, ஓட்டோவ எடுத்துப் போய்க்கிட்டே இரிங்க. இல்லாட்டி மட்டும் வாய் தொறந்து சொல்லுங்க."

"ஓம் அக்கா" என்றேன்.

கல்லுக்குச் சற்றுத் தள்ளி, மர நிழலில் ஓட்டோவை நிறுத்தினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். கல்லில் பாசி. போத்தல் தண்ணீரை ஊற்றித் தேய்த்து வாசித்தேன். பாதிகூடத் தாண்டவில்லை, ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர், இப்படியான கல்லுகளுக்கு வருகிறவர்களை விசாரிக்கிற ஆட்கள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"யாரத் தேடுற?"

"ஹயர் ஐயா."

"கல்லுக்கு என்ன ஹயர்?"

ஒருவர் ஓட்டோவை நம்பர் தெரியப் போனில் படம் எடுத்தார். மற்றவர், "உன்ட ஆக்களும் இதில இரிக்காங்களா?" என்று சிரித்தார்.

வாசித்ததை அப்படியே விட்டேன். நேரே வந்து ஓட்டோவை எடுத்துவிட்டேன்.

கொஞ்சத் தூரம் போய்த்தான் கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. பிரேக்கை மிதித்தேன்.

"அக்கா, அப்பிடி இல்ல. நான் இன்னும் முழுக்க வாசிக்கல்ல. பயத்தில எடுத்துட்டன்."

"என்னக் கொன்றுபோட்டியே மனே" என்றார். பிறகு, "திருப்பு."

"அவங்க நிப்பாங்க அக்கா."

"நிண்டா நிக்கட்டும். இதவிட என்ன செய்யப் போறாங்க?"

திரும்பிப் போனபோது அவர்கள் நின்றார்கள். அக்கா இறங்கி அவர்களைத் தாண்டிப் போய், ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் கீழே வாசித்து வந்தார். நான் பின்னால் நின்றேன். அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் "இல்ல" என்று அக்காவே சொன்னார்.

திரும்பும் வழியில் கைப்பையில் இருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டார். "அப்ப எங்க தம்பி?" என்று ஒருதரம் கேட்டார்.

பிள்ளைகளே, ஒருவருக்குச் செய்தி கொண்டுபோக நேர்ந்தால், நல்லதோ கெட்டதோ, வாயால் சொல்லுங்கள். பேசாமல் இருப்பதை அடையாளமாக வைக்காதீர்கள். பயம் வந்தால் யாரும் பேசாமல்தான் போவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் விரல் ஒவ்வொரு பெயரையும் தாண்டும்போது "நல்ல காலம், இது இல்லை" என்றுதான் நினைத்தேன். அதுவும் இன்னொரு வீட்டு ஆளின் பெயர் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த தடவை கொக்கட்டிச்சோலைக்கு ஹயர் போனபோது, ஆளை இறக்கிவிட்டுத் தனியாக அந்தக் கல்லுக்குப் போனேன். றோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு மேலிருந்து கீழ்வரை எல்லாப் பெயர்களையும் வாய்விட்டு வாசித்தேன்.