இரண்டாம் ஈடும் ஈரச் சுவரும்

இத்தாலியில், கடலோரக் கால்சாப் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் மீது இரண்டு அடமான ஈடுகள் இருந்தன. முதலாவது, வீடு வாங்கக் கடன் தந்த வங்கிக்கு. மற்றது, என் கடைக்காக ஒரு நிதி நிறுவனத்திடம் பட்ட கடனுக்கு. கடை நிலைக்கவில்லை. வீட்டை விற்றால் வரும் பணம் வங்கிக்கே போதாது. ஆனாலும் வங்கி நட்டத்தை ஏற்று விற்கச் சம்மதித்தது. நிதி நிறுவனத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கவும் இணங்கியது. அதை வாங்கிக்கொண்டு நிறுவனம் தன் ஈட்டை விடுவிக்க வேண்டும். விடாவிட்டால் பத்திரம் பதியும் நொத்தாரிசு விற்பனை உறுதி எழுதமாட்டார். வீடு நீதிமன்ற ஏலத்துக்குப் போகும், மீதிக் கடனுக்கு எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். வாங்க வந்தவர் உயிர்த்த ஞாயிறான பாஸ்கு வரைதான் பொறுப்பார்.

பாஸ்குக்கு முந்திய அந்தத் தவக்காலம் முழுவதும் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருந்தேன். லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் முதியவரைச் சவரம் செய்யும்போது தொலைபேசி அதிர்ந்தால் கை நின்றுவிடும். யார் செத்தது என்று அவர் கேட்பார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வீடு பார்க்க வருவதாக அறிவித்தார்கள். எங்கள் படுக்கையறைச் சுவர் கடற்காற்றில் ஊறிப் பூஞ்சணம் பிடித்து வெடித்திருந்தது.

"வாற மனிசனுக்கு இதையே காட்டுறது?" என்றாள் மனைவி.

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. வெள்ளை அடித்தோம். வெடிப்புக்கு முன்னால் அலுமாரியை நகர்த்தினோம். அவள் மீன் ரோல்ஸ் பொரித்தாள். வந்தவர் இரண்டு சாப்பிட்டு, வீட்டை அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். வாசல்வரை சென்று வழியனுப்பினோம்.

அடுத்த கிழமை எங்கள் சட்டத்தரணி அழைத்தார். வீடு நல்ல நிலையில் இருக்கிறது, விலை குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, வாங்குபவர் எங்கள் ஆளாக இருக்கலாம் என்று நிறுவனம் எழுதியிருந்ததாம். ஈட்டை விட மறுத்துவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். விருந்தாளி வந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றேன். அந்த ஈரச் சுவர்தான் விலை ஏன் குறைவு என்பதற்குச் சாட்சி என்றார். பிறகு, மதிப்பீட்டாளரை இன்னொரு முறை வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறேன், இந்தமுறை ஒன்றையும் மறைக்காதீர்கள் என்றார்.

அன்று பின்னேரம் நாங்கள் பூசியதை நாங்களே சுரண்டினோம். அவள் தட்டகப்பையால், நான் கத்தியால்.

"இஞ்சாருங்கோ, அவங்கள் பொய்க்காரர் எண்டு எங்களைப் பிடிச்சுக் குடுப்பாங்களே?"

"தெரியேல்லை," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

மதிப்பீட்டாளர் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாயன்று வந்தார். அலுமாரி தள்ளி நின்றது. அவர் சுவரை உள்ளங்கையால் தடவினார், கை நனைந்தது. யார் இங்கே படுப்பது என்று கேட்டார். மனைவி, இத்தாலியத்தில், நாங்கள் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நிறையப் படம் எடுத்தார். தேநீரும் வேண்டாம் என்றார்.

பாஸ்குக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முதல்நாள், நிறுவனம் இணங்கியதாகச் செய்தி வந்தது. மறுநாள் நொத்தாரிசின் மேசையில் அவர்களின் பத்திரம் இருந்தது. எல்லோரும் பேனாவோடு காத்திருக்க, நான் முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஈட்டை விடுகிறோம் என்று இருந்தது. மீதிக் கடனைக் கேட்கமாட்டோம் என்ற வரி எங்கே? நொத்தாரிசு, வாசித்துச் சொல்லட்டுமா என்று கனிவோடு கேட்டார். வாசிக்கத் தெரியும் என்றேன். மனைவி என் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

"என்னப்பா, இல்லையே?"

கடைசிப் பக்கத்தில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். "இருக்கு," என்றேன். கையெழுத்து மட்டும் என்னுடையது போல் வரவில்லை. நொத்தாரிசு அடையாள அட்டையை இன்னொருமுறை வாங்கிப் பார்த்தார்.