சரோஜாவின் இரண்டாவது ஆபரேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"டீச்சர், என் கதைய எழுதிரு. பேரை மட்டும் மாத்திப் போடு."

மாற்றியாயிற்று. ஆகவே அவள் உண்மையான பெயர் சரோஜா இல்லை. மற்றதெல்லாம் அவள் அனுமதியோடுதான்.

சரோஜா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள்; நான் டீச்சரானதிலிருந்து கிண்டலுக்கு என்னை டீச்சர் என்றும் கூப்பிடுவாள். நுவரெலியா பஜாரில் அவளும் அவள் கணவர் செல்வமும் துணிக்கடை நடத்துகிறார்கள். பிளவுஸ் துணி கேட்டு வருகிறவரைப் புடவையோடு அனுப்பி வைக்கிற திறமைசாலி. தோட்டத்து ஆட்களிடம் ஒரு பேச்சு, சிங்களக்காரர்களிடம் ஒரு பேச்சு, டூரிஸ்ட் வந்தால் கையையும் கண்ணையும் வைத்தே ஒரு பேச்சு... அவள் வாயை அடைத்து யாரும் பார்த்ததில்லை.

உடம்பு மட்டும் கொஞ்சம் பெரிது. அதோடு சர்க்கரை, முழங்கால் வலி. சில வருஷங்களுக்கு முன்னால் கொழும்பில் எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டாள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவில் ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பார்களே – அது.

அடேயப்பா, என்ன மாற்றம்! கடை வாசலில் நின்றவளை நானே ஒருமுறை யாரோ என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

ஆனால் எடை திரும்பி வந்தது. சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கூடவே நெஞ்செரிச்சல். சாதாரண நெஞ்செரிச்சல் இல்லை. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறிவிடும், மூச்சு அடைக்க இருமல் வரும். கட்டிலை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கப் பழகிக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

ஏன் சொல்லவில்லை என்பது கந்தப்பளையில் ஒரு கல்யாணத்தில் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அவளுடைய சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என்ன சரோ, அத்தனை பெரிய ஆபரேஷன் பண்ணியும் பழையபடி ஆயிட்டியே! வாயைக் கட்ட முடியலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சரோஜாதான் அதிகமாகச் சிரித்தாள். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். துணி மூட்டை அடுக்கி வைக்கிற பின்னறைக்கு என்னை இழுத்துப் போனாள்.

"கொழும்புல ஒரு டாக்டர் இருக்காரு. ஒருதரம் பண்ணினவங்களுக்கு ரெண்டாவது தரம் பண்ணி விடுறாராம். பேஸ்புக்ல பாத்தேன். நீ கூட வா. வீட்டுல அவருக்குத் தெரிய வேணாம்."

"செல்வத்துக்கிட்ட சொல்லாமலா?"

"முதல் ஆபரேஷனுக்கே அவரு அவ்வளவு கஷ்டப்பட்டாரு. அது வீணாப் போச்சுன்னு எந்த மூஞ்சிய வச்சு சொல்லுவேன்?"

முதல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போகலாமே என்றேன். அவர் வெளிநாடு போய்விட்டாராம்.

சரக்கு எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நானுஓயாவில் ரயில் ஏறினோம்.

அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. ஹோட்டல் மாதிரி இருந்தது. சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள் – முன்னே குண்டு, பின்னே ஒல்லி. சுறுசுறுப்பான ஒரு பெண், 'கோஆர்டினேட்டர்' என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்தாள், எங்களுக்கு ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தாள். டாக்டர் வந்தார். நல்ல சிரிப்பு. சரோஜாவின் வயிற்றை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"பை கொஞ்சம் விரிஞ்சிருக்கும். மறுபடியும் வெட்டிச் சின்னதாக்கிடலாம். சின்ன விஷயம். அடுத்த வாரமே பண்ணலாம்."

அவ்வளவுதான். முதல் ஆபரேஷன் எப்படி நடந்தது? அவருக்குத் தெரியாது. என்ன சாப்பிடுகிறாள்? கேட்கவில்லை. நெஞ்செரிச்சல் என்று நான்தான் வாய் திறந்தேன். "அதெல்லாம் எடை குறைஞ்சா சரியாயிடும்" என்றார்.

"டாக்டர், இதுல சிக்கல் ஏதும் வருமா?"

"எங்கிட்ட அப்படியெல்லாம் வர்றதில்ல."

அவர் போன பிறகு கோஆர்டினேட்டர் பெண்ணைப் பிடித்தேன். "நாங்க மலைநாடு. வீட்டுக்குப் போன பிறகு இவங்களுக்கு ஏதாவது ஆனா என்ன செய்றது?"

"வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுங்க மேடம். உடனே ரிப்ளை பண்ணுவோம்."

திரும்பி வரும்போது ரயிலில் சரோஜா சந்தோஷமாக இருந்தாள். "சரோ, அந்த ஆள் உன்னை ஒரு கேள்வியும் கேக்கலியே..." என்று ஆரம்பித்தேன்.

"அதனாலதான் எனக்கு அவரைப் புடிச்சிருக்கு" என்றாள்.

"கேள்வி கேக்காததாலயா?" என்றேன்.

"எல்லாரும் கேக்குறாங்கடி. என்ன தின்ன, எவ்வளவு தின்ன, ஏன் நடக்கல... அவரு ஒருத்தருதான் என்னைக் குத்தவாளி மாதிரி பாக்கல."

"பாக்கவே இல்லையேடி அவரு!"

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நீ ஒல்லியாப் பொறந்தவ. ஒனக்கு இது வெளங்காது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது. பாருங்கள் – வெட்கத்தில் இருக்கிற மனுஷி நல்ல டாக்டரைத் தேடுவதில்லை. தன்னை வெட்கப்பட வைக்காத டாக்டரைத் தேடுகிறாள். படம் மாட்டி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நான் செய்தது ஒரே காரியம். செல்வத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். நட்புக்குத் துரோகமா? இருக்கட்டும். செல்வம் அதிகம் பேசாத மனிதர். துணி அளக்கிற மேஜையில் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுங்க டீச்சர். பக்கத்துல படுக்க வேண்டியவ நாற்காலியில உக்காந்து தூங்குறா. தெரியாம இருக்குமா? அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அதான் நான் பண்ணின தப்பு."

புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் இரண்டு பேருமாக நுவரெலியாவில் அவளுடைய சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிற டாக்டரிடம் போனார்கள். அவர் சொன்னாராம்: "இரண்டாவது ஆபரேஷன் முதலாவது மாதிரி இல்ல. ரொம்பக் கஷ்டமானது. அதையே அடிக்கடி செய்றவங்ககிட்டதான் போகணும்." கண்டியில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பி வைத்தார்.

"நீயும் வா" என்று சரோஜா மெசேஜ் அனுப்பினாள். கோபம் தீர்ந்ததா என்று கேட்கவில்லை. போனேன்.

கண்டி டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பேச்சு சிங்களத்தில் நடந்தது. பஜாரில் கடை வைத்திருப்பவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இந்த டாக்டர் சிரிக்கவில்லை. கேள்விதான் கேட்டார். கேள்வி மேல் கேள்வி. முதல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து பழைய விவரங்களை வாங்கி வரச் சொன்னார். சோறு இறங்குகிறதா? இறைச்சி? இறங்காதபோது என்ன செய்வீர்கள்?

சரோஜா தயங்கினாள். "நெஞ்சுல நிக்குது டாக்டர். அதனால பால் டீ குடிப்பேன். சீனி போட்டு. பிஸ்கட்டை நனைச்சுச் சாப்பிடுவேன். ஐஸ்கிரீம்... அதுதான் வலிக்காம இறங்குது."

அடுத்து திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டவில்லை. குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழாயாக வெட்டிய இரைப்பை நடுவில் ஓரிடத்தில் ஒடுங்கி இருந்தது. மேல் பகுதி நெஞ்சுப் பக்கமாக ஏறியிருந்தது.

"கெட்டியான சாப்பாடு இதுல எப்படி இறங்கும்? நீங்க வாயைக் கட்டாததால மட்டும் வந்தது இல்ல இது. இதையே மறுபடி வெட்டிச் சின்னதாக்கினா எரிச்சல் இன்னும் மோசமாகும். பாதையை மாத்தி விடணும், பைபாஸ் மாதிரி."

சரோஜா அழுதாள். எத்தனையோ நாளாக யாராவது ஒருவர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்! நான் கேட்க நினைத்து, கூச்சப்பட்டு விழுங்கிய கேள்வி.

"டாக்டர், இந்த மாதிரி ரெண்டாவது ஆபரேஷன்ல உங்க கையில யாருக்காவது தப்பாப் போயிருக்கா?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"போயிருக்கு. சிலருக்குத் தையல்ல கசிவு வந்திருக்கு. நேரத்தோட கண்டுபிடிச்சுச் சரி பண்ணியிருக்கோம். ஒருத்தரைக் காப்பாத்த முடியல. அவங்க பேர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

பிறகு சரோஜாவை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"உங்களுக்கும் வரலாம். வராதுன்னு சொல்ல மாட்டேன். என்னைவிட அதிகமா இதைச் செஞ்ச இன்னொரு டாக்டரும் என் கூட நிப்பாரு. ஐ.சி.யூ. இருக்கிற இடத்துலதான் பண்ணுவேன். முடிஞ்ச பிறகு சில வாரம் கண்டியிலேயே தங்கணும். மலைக்கு ஏறக்கூடாது. சம்மதமா?"

வெளியே வந்ததும் சரோஜா சொன்னாள்: "தச்சுப் பிரிச்ச துணிய மறுபடி தைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்டி. சின்ன விஷயம்னு சொன்னானே ஒருத்தன்... இந்தம்மாகிட்டயே பண்ணிக்கிறேன்."

உடனே நடக்கவில்லை. முதலில் சர்க்கரை இறங்க வேண்டும் என்றார்கள். சாப்பாடு சொல்லிக் கொடுக்க ஒருவர், மனசு விட்டுப் பேச ஒருவர் என்று மாதக்கணக்கில் அலைய விட்டார்கள். கண்டி பாதையின் றம்பொடை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே சரோஜா போய் வந்தாள். செல்வமும் சீனி இல்லாத டீக்கு மாறினார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்டியில் செல்வத்தின் தங்கை வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று நான் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜாவுக்கு இதயத் துடிப்பு வேகமாகி இருப்பதாக நர்ஸ் சொன்னார். காய்ச்சல்கூட இல்லை. இவளும் "லேசா களைப்பா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

டாக்டர் வந்தார். களைப்பு என்று விட்டுவிடவில்லை. உடனே ஸ்கேன். திரும்பி வந்து செல்வத்தின் முன்னால் நின்றார்.

"சின்னக் கசிவு. நான் சொன்னேனே, அதுதான். இப்பவே திரும்ப உள்ள போறோம்."

செல்வம் கேட்டார்: "பொழச்சுருவாளா டாக்டர்?"

"ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். அதுதான் இப்ப நம்ம பக்கம் இருக்கிற நல்ல விஷயம்."

தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. அந்த நாட்களில் மண் சரிந்து நுவரெலியா பாதை மூடிக்கிடந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் படம் மாட்டிய இடத்தில் செய்துகொண்டு, உடனே வீட்டுக்கு வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்திருந்தால்? வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டுவிட்டு யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்? செல்வமும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "நீங்க அன்னிக்கு வந்து சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஐ.சி.யூ., வார்டு, பிறகு நாத்தனார் வீடு என்று நாட்கள் நீண்டன. சரோஜா மெலிந்தாள், சோர்ந்தாள், எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள் செல்வத்திடம் "கடையில கழுத்து வச்ச பிளவுஸ் புது டிசைன் வந்துச்சா?" என்று கேட்டாளாம். அவர் எனக்குப் போன் பண்ணி, "பொழச்சுட்டா டீச்சர்" என்றார்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள்? சுவரில் மாட்டுகிற படம் மாதிரி ஒல்லியாகவா? இல்லை. எடை குறைந்திருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் குறைந்திருக்கிறது. சோறு இறங்குகிறது. கட்டிலில் காலை நீட்டிப் படுக்கிறாள். வாழ்நாள் முழுக்க விட்டமின் மாத்திரை, வருஷா வருஷம் செக்கப். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பரிசு. அவளுக்கு அது போதுமாம்.

நான் டாக்டர் இல்லை. யாரிடம் போங்கள், போகாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று கண்ணால் பார்த்தேன். இரண்டு டாக்டர்களிடமும் சிக்கல் வருமா என்று கேட்டோம். வராது என்றவரிடம், வந்தால் என்ன செய்வது என்பதற்கு வழி இருக்கவில்லை. வரும் என்றவர் ஏற்கெனவே தயாராக இருந்தார்.

அவள் ஏன் இதை எழுதச் சொன்னாள்? போன் வந்ததற்கு முந்தின நாள் சனிக்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். ஹட்டன் பக்கம்; யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தவள். புடவை பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டே இருந்துவிட்டு, கடையிலிருந்த மற்ற ஆட்கள் போனதும் மெதுவாகக் கேட்டாளாம்.

"அக்கா, நானும் ஒருதரம் பண்ணினேன். திரும்பவும் உடம்பு போட்டிருச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. உங்க டாக்டர் நம்பர் தாறீங்களா?"

சரோஜா கடையைச் செல்வத்திடம் விட்டுவிட்டு, அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறாள்.

"நம்பர் தாறேன் தங்கச்சி. மொதல்ல உக்காருங்க. சோறு இறங்குதா?"